குழலின் வாயை மூடியது யார்?

மோட்டார் சைக்கிளின் முன்பக்க ஃபோர்க்கில் எண்ணெய் ஒழுகினால் தெருமுனை மெக்கானிக் அதைக் கழற்றி, ஆயில் சீலை மாற்றி, புது எண்ணெய் ஊற்றி மாலைக்குள் கொடுத்துவிடுகிறார். அதே வண்டியின் பின்பக்க ஷாக் அப்சார்பர் ஒழுகினால் அவரே கையை விரித்து, “செட்டா மாத்திடுங்க” என்கிறார். உள்ளே பார்த்தால் இரண்டும் ஏறக்குறைய ஒரே சமாச்சாரம்தான். இரண்டிலும் ஒரு குழல், குரோம் முலாம் பூசிய ஒரு தண்டு, கொஞ்சம் எண்ணெய், அந்த எண்ணெயை உள்ளே நிறுத்தி வைக்கும் ஒரு ரப்பர் வளையம். ஒழுகுவதற்கான காரணங்களும் இரண்டிலும் ஒன்றே. ஆனாலும் ஒன்று பழுது பார்க்கும் பொருளாகவும் மற்றொன்று தூக்கி எறியும் பொருளாகவும் ஆகிவிட்டன. இதற்குச் சொல்லப்படும் வழக்கமான விளக்கம், காலம் மாறிவிட்டது என்பது. முன்பு பணம் இல்லை, அதனால் ரிப்பேர் செய்தார்கள். இப்போது பணம் இருக்கிறது, மெக்கானிக்குகளுக்கும் பழைய கைத்திறன் போய்விட்டது, அதனால் மாற்றுகிறார்கள் என்பார்கள். இந்த விளக்கம் சரியென்றால் ஃபோர்க் ரிப்பேரும் இந்நேரம் மறைந்திருக்க வேண்டும். அது மறையவில்லை. ஒழுகும் ஷாக் அப்சார்பரின் கதியைத் தீர்மானித்தது ஏழ்மையும் அல்ல, திறமைக் குறைவும் அல்ல. குழலின் வாயை எப்படி மூடுவது என்று தொழிற்சாலையில் எடுத்த முடிவு. அந்த முடிவின் வரலாறுதான் இந்தத் தொழிலின் வரலாறு.

இரு சக்கர வண்டியின் முன்பக்கத்துக்கு வந்த சொகுசு பின்பக்கத்துக்கு வரக் காலம் பிடித்தது. எண்ணெயால் அதிர்வை அடக்கும் டெலஸ்கோப்பிக் ஃபோர்க்கை 1935-இல் பி.எம்.டபிள்யூ நிறுவனம் விற்பனைக்கு வந்த வண்டிகளிலேயே பொருத்தியது. அந்தக் காலத்தின் பெரும்பாலான வண்டிகளில் பின்சக்கரமோ சேஸிஸோடு நேரடியாக இறுகியே கிடந்தது. குலுக்கலைத் தாங்கியவை சீட்டுக்கு அடியில் இருந்த ஸ்பிரிங்குகளும் ஓட்டியின் இடுப்பும்தான். பின்சக்கரத்தை அசைய விட்டால் வண்டி வளைவில் நெளியும், செயின் இழுபடும் என்ற பயம் வண்டி கட்டியவர்களிடம் வெகுநாள் இருந்தது. இடையில் வந்த பிளஞ்சர் முறையில் அச்சின் இருபுறமும் செங்குத்தாக ஸ்பிரிங் இருந்தது. ஆனால் பலவற்றில் அந்த ஸ்பிரிங்கின் துள்ளலை அடக்க எண்ணெய்க் குழல் இல்லை. வட அயர்லாந்தின் ரெக்ஸ் மெக்கேண்ட்லெஸ் தம் பரிசோதனை வண்டியில் சிட்ரன் காரின் ஷாக் அப்சார்பர்களை எடுத்துப் பின்பக்கம் நிறுத்தினார். அவர் வடிவமைத்த ‘ஃபெதர்பெட்’ சேஸிஸுடன் நார்ட்டன் பந்தய வண்டிகள் 1950-இல் களமிறங்கின. அதற்கு முன்பே, 1948-இல், ராயல் என்ஃபீல்டின் புல்லட் முன்மாதிரிகள் பின்சக்கரத்தைத் தாங்கி அசையும் ஸ்விங் ஆர்மும் எண்ணெய் ஷாக் அப்சார்பர்களுமாக, கரடுமுரடான பாதையில் நடக்கும் டிரையல்ஸ் போட்டிகளில் ஓடின. அதே ஆண்டு இத்தாலியின் சான் ரெமோவில் நடந்த சர்வதேச ஆறு நாள் போட்டியில் தங்கப் பதக்கங்களையும் வாங்கின. 1949-இல் அந்த வண்டி விற்பனைக்கு வந்தது. அசையும் பின்சக்கரம் மேட்டிலும் சேற்றிலும் பிடியை இழக்கும் என்ற வாதம் அத்தோடு அடங்கத் தொடங்கியது.

பின்பக்க ஷாக் அப்சார்பரின் வேலையைப் பலர் ஸ்பிரிங்கின் வேலையோடு குழப்பிக்கொள்கிறார்கள். எடையைத் தாங்குவது ஸ்பிரிங். தாங்கிய பிறகு அது துள்ளிக்கொண்டே இருக்கும்; அந்தத் துள்ளலை அடக்குவது உள்ளே இருக்கும் எண்ணெய்க் குழல். தண்டின் முனையில் உள்ள பிஸ்டன் எண்ணெய்க்குள் ஏறி இறங்கும்போது எண்ணெய் சிறு துளைகளிலும் வால்வுகளிலும் நெருக்கியடித்துக்கொண்டு போகிறது. சாலையிலிருந்து வந்த ஆட்டம் அங்கே வெப்பமாக மாறுகிறது. தண்டு உள்ளே போகும்போது அது அடைத்துக்கொள்ளும் இடத்துக்கு ஈடாகக் குழலுக்குள் கொஞ்சம் காற்றும் வேண்டும். எண்ணெயை முழுக்க நிரப்ப முடியாது. இத்தனையும் நடக்கும்போது தண்டு வெளியே வந்து உள்ளே போகும் ஒரே வாசலில் ரப்பர் உதடு ஒன்று எண்ணெயை வழித்து உள்ளேயே நிறுத்துகிறது. அதுதான் ஆயில் சீல். எண்ணெயில் ஊறி உப்பாத நைட்ரைல் ரப்பர் 1930-களில் உருவான பிறகுதான் இந்த வேலை நம்பகமாக நடக்கத் தொடங்கியது. அந்த ரப்பருக்கும் ஆயுள் உண்டு. வெயிலிலும் சூட்டிலும் அது இறுகும். அதைவிட வேகமாக அதைக் கெடுப்பது தண்டின் மேல் பரப்புதான். குரோமில் ஊசிமுனை அளவுக்குத் துரு குழி விழுந்தாலும் அதன் விளிம்பு ஒவ்வொரு ஏற்ற இறக்கத்திலும் ரப்பரைச் சீவிவிடும். ஆக, ஷாக் அப்சார்பரில் முதலில் தேயப்போவது எது என்பது அதை வடிவமைத்தவருக்குத் தொடக்கத்திலேயே தெரியும். சில ரூபாய் பெறும் ஒரு வளையம்தான் அது. அந்த வளையத்தை எட்டும் வழியைத் திறந்து வைப்பதா, அடைப்பதா என்பதே கேள்வி.

பல பிரிட்டிஷ் தொழிற்சாலைகள் தொடக்கத்திலேயே அடைத்துவிட்டன. புல்லட்டின் பட்டறைக் கையேடு இந்த விஷயத்தில் ஒளிவு மறைவு இல்லாதது: குழல் மூடி முத்திரையிடப்பட்டது, உள் பாகங்களை அதைத் தயாரித்த நிறுவனம் மட்டுமே பார்க்க முடியும், ஸ்பிரிங்கைக் கழற்றுவதும் ரப்பர் புஷ்களை மாற்றுவதும் மட்டுமே பட்டறைக்காரரின் வேலை. வேறு சில பிரிட்டிஷ் வண்டிகளின் கையேடுகளும் இதே பாணியில்தான் பேசின. இதற்குத் தொழிற்சாலைக்கென்று ஒரு நியாயம் இருந்தது. குழலின் விளிம்பை எந்திரத்தில் உள்நோக்கி மடித்து அழுத்திவிட்டால் மரை வெட்டும் செலவு மிச்சம். கைக்கு வந்த எண்ணெயை ஊற்றுபவர்களிடமிருந்தும் பாதுகாப்பு. இரண்டு நட்டைக் கழற்றினால் கையோடு வந்துவிடும் பாகம் என்பதால் மாற்றுவதும் எளிது. ஃபோர்க் அப்படி அல்ல. அது சக்கரத்தையும் ஹேண்டில்பாரையும் பிடித்துக்கொண்டு நிற்கும் உறுப்பு. அதை மொத்தமாக மாற்றச் சொன்னால் எந்த வாடிக்கையாளரும் ஒத்துக்கொள்ள மாட்டார். எனவே ஃபோர்க்கின் வாயில் மரையும் வளையப் பூட்டும் தங்கின. ஷாக் அப்சார்பரின் வாய் மடிக்கப்பட்டது. இதே கருவியைச் சோவியத் நாட்டின் ‘உரால்’, ‘இஷ்’ வண்டிகள் வேறு விதமாகக் கையாண்டன. அங்கே குழலின் வாயில் மரை வைத்த நட்டு இருந்தது. கையேடுகளே பின்பக்க ஷாக் அப்சார்பரைப் பிரிக்கும் முறையையும் ஊற்ற வேண்டிய எண்ணெய் அளவையும் ஓட்டிக்குச் சொல்லிக்கொடுத்தன. உதிரிப் பாகம் கடையில் எளிதில் கிடைக்காத நாட்டில் வண்டி ஓடிக்கொண்டிருக்க வேண்டுமானால் அதுதான் வழி. ஒரே இயற்பியல், ஒரே எண்ணெய், ஒரே ரப்பர் வளையம். மூடும் முறை மட்டும் நாட்டுக்கு நாடு மாறியது. மடித்து மூடுவது தொழில்நுட்பத்தின் கட்டாயம் அல்ல என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை.

இந்தியாவின் நிலை இரண்டுக்கும் நடுவில் விசித்திரமாக அமைந்தது. வண்டி பிரிட்டிஷ் வடிவம். சந்தை சோவியத் சந்தையைப் போல மூடியது. 1955-இல் இங்கிலாந்தின் ரெட்டிச்சில் இருந்த ராயல் என்ஃபீல்டும் மெட்ராஸ் மோட்டார்ஸும் சேர்ந்து என்ஃபீல்டு இந்தியா நிறுவனத்தைத் தொடங்கின. திருவொற்றியூரில் எழுந்த தொழிற்சாலையில் முதலில் இங்கிலாந்திலிருந்து வந்த பாகங்களைப் பூட்டினார்கள். பிறகு படிப்படியாக எல்லாப் பாகங்களும் இங்கேயே தயாராயின. 1957-இல் வந்த அந்நியச் செலாவணி நெருக்கடிக்குப் பிறகு இறக்குமதி மேலும் இறுகியது. மும்பையில் கேப்ரியல் இந்தியா 1961-இல் தொடங்கப்பட்டு ஷாக் அப்சார்பர்களை உள்நாட்டிலேயே செய்ய முன்வந்தது. ஆனாலும் புது வண்டிக்கே பதிவு செய்துவிட்டுக் காத்திருந்த காலம் அது. உதிரிப் பாகம் எல்லா ஊருக்கும் தாராளமாகப் போய்ச் சேரவில்லை. தயாரித்தவர் மட்டுமே திறக்கலாம் என்ற கையேட்டின் கட்டளை, தயாரித்தவர் கைக்கெட்டும் தூரத்தில் இல்லாத நாட்டில் பொருள் இழந்து போனது. அந்த இடைவெளியில்தான் மூடிய குழலைத் திறக்கும் தொழில் பிறந்தது. சென்னையில் புதுப்பேட்டையின் பழைய சாமான் கடைகளும் ஜெனரல் பேட்டர்ஸ் சாலையின் உதிரிப் பாகக் கடைகளும் பழைய தண்டையும் புதிய சீலையும் கொடுத்தன. கடைசல் பட்டறைகள் கையைக் கொடுத்தன. இந்தத் தொழிலைத் தொழிற்சாலை யாருக்கும் கற்றுத் தரவில்லை. அது தடை செய்ததையே பட்டறை செய்து பார்த்துக் கற்றுக்கொண்டது.

அந்த வேலையின் நுணுக்கத்தைப் பார்த்தால் அதை ஒட்டுப்போடும் வேலை என்று ஒதுக்க மனம் வராது. முதலில் ஸ்பிரிங்கை அமுக்கிப் பிடித்து மேலே உள்ள பிளவு வளையத்தை எடுக்க வேண்டும். பிடி நழுவினால் ஸ்பிரிங் ஆளை அடிக்கும். பிறகு குழலை லேத்தில் கட்டி, மடித்த விளிம்பை மட்டும் மயிரிழை மயிரிழையாகக் கடைந்து எடுக்க வேண்டும். அதிகம் வெட்டினால் மறுபடி மூடச் சுவர் மிஞ்சாது. உள்ளே சீலைத் தாங்கும் மூடி, தண்டுக்கு வழிகாட்டும் புஷ், தண்டு, பிஸ்டன், அடியில் உள்ள வால்வு ஆகியவை வரிசையாக வெளிவரும். கறுத்த எண்ணெயைக் கொட்டி, மண்ணெண்ணெயிலோ பெட்ரோலிலோ கழுவினால் அடியில் இரும்புத் தூள் தெரியும். சீலை உள்விட்டம், வெளிவிட்டம், கனம் என்ற மூன்று அளவுகளால் கடையில் தேடுகிறார்கள். எந்த வண்டிக்கு என்று கேட்பதைவிட இந்த மூன்று எண்களே அங்கே பேசும். தண்டில் குழி இருந்தால் உப்புத்தாள் போட்டுத் தேய்த்து ஏமாற்ற முடியாது. சாணை பிடித்து, மறுபடி குரோம் ஏற்றி, மறுபடி சாணை பிடிக்க வேண்டும். இல்லையேல் வேறு தண்டு போட வேண்டும். எண்ணெய் அளவு தவறினாலும் வேலை கெடும். கூடினால் தண்டு உள்ளே போக இடமின்றிச் சீல் பிதுங்கும். குறைந்தால் பிஸ்டன் காற்றைக் குடித்து நுரை தள்ளும். கடைசியாகக் குழலில் மரை வெட்டி, அதற்கேற்ற நட்டைக் கடைந்து மூடுவார்கள். பற்றவைத்து மூடுவதும் உண்டு. ஆனால் அந்தச் சூட்டில் புதுச் சீலே கருகிவிடும் என்பது தேர்ந்தவர்களுக்குத் தெரியும். மரை வைத்து மூடிய குழலை அடுத்த முறை லேத் இல்லாமலே திறக்கலாம். தொழிற்சாலை அடைத்த வாய்க்குப் பட்டறை கதவு வைத்துக் கொடுத்தது.

திறந்து பார்க்கும் பழக்கம் இன்னொன்றையும் வளர்த்தது. பழுதைப் பிரித்தறியும் அறிவுதான் அது. குழலின் வெளியே எண்ணெய்ப் பிசுக்கும் தூசியும் படிந்திருப்பதால் மட்டும் ஷாக் அப்சார்பர் ஒழுகுகிறது என்று சொல்லிவிட முடியாது. செயினிலிருந்து தெறித்த எண்ணெயாக இருக்கலாம். சீலின் உதடு தன்னை ஈரமாக வைத்துக்கொள்ளத் தண்டில் விடும் மெல்லிய பூச்சாகவும் இருக்கலாம். துடைத்துவிட்டுச் சில நாள் ஓட்டிப் பார்த்தால், மேலிருந்து கீழாகக் கோடு போட்டு இறங்குவது ஒழுகல். ஓரத்தில் புள்ளி புள்ளியாக இருப்பது வெளியிலிருந்து வந்தது. சீட்டை அமுக்கி விட்டால் வண்டி ஒரே எழும்பலில் அமர வேண்டும். இரண்டு மூன்று முறை ஆடினால் அடக்கும் சக்தி போய்விட்டது. ஸ்பிரிங்கைக் கழற்றிய பின் தண்டைக் கையால் இழுத்து அமுக்கினால் இன்னும் தெளிவாகும். இழுக்கும்போது கனமாகவும் அமுக்கும்போது சற்று இலகுவாகவும் இருப்பது இயல்பு. திருப்பும் இடத்தில் பிடிப்பே இல்லாமல் தண்டு சரிந்தால் எண்ணெய் குறைந்து காற்று புகுந்திருக்கிறது. ஆனால் மிக முக்கியமான கேள்வி, ஏன் ஒழுகியது என்பதே. தண்டின் ஒரு பக்கம் மட்டும் தேய்ந்திருந்தால் குற்றம் சீலில் இல்லை. ஸ்விங் ஆர்ம் புஷ் ஆடுகிறது, அல்லது ஷாக் அப்சார்பரைத் தாங்கும் கொண்டி வளைந்திருக்கிறது. தண்டு முழுக்கத் துருப்புள்ளி என்றால் மேலே இருக்க வேண்டிய தூசி மறைப்பு தொலைந்திருக்கிறது. இவை திறந்த குழலில்தான் தெரியும். செட்டாக மாற்றும்போது பழைய குழலோடு அந்தக் காரணமும் குப்பைக்குப் போய்விடுகிறது. வளைந்த கொண்டி வண்டியிலேயே இருந்து புதுச் சீலையும் தின்னத் தொடங்குகிறது.

இந்தத் தொழிலின் அடித்தளம் 1980-களில் ஆட்டம் கண்டது. உரிமக் கட்டுப்பாடுகள் தளர்ந்து ஜப்பானிய நிறுவனங்கள் கூட்டாளிகளாக வந்தன. 1984-இல் ஓசூரிலிருந்து இந்த்-சுசுகி, 1985-இல் ஹீரோ ஹோண்டாவும் யமஹா ஆர்.எக்ஸ். 100-ம் என 100 சிசி வண்டிகள் சாலையை நிறைத்தன. அவற்றுக்கு உதிரிப் பாகம் தரும் நிறுவனங்களும் கூடவே வந்தன. ஹீரோ குழுமமும் ஜப்பானின் ஷோவாவும் சேர்ந்து முஞ்சால் ஷோவாவை 1985-இல் நிறுவியது ஓர் உதாரணம். லட்சக்கணக்கில் ஒரே அளவில் தயாரிக்கப்பட்ட இந்த ஷாக் அப்சார்பர்களின் வாய் மடித்து மூடப்பட்டதுதான். அதில் புதுமை ஏதும் இல்லை. 1950-களின் பிரிட்டிஷ் ஏற்பாடே அது. புதிதாக வந்தது, எந்தச் சிற்றூர்க் கடையிலும் மாற்றுக் குழல் அட்டைப் பெட்டியில் தயாராகக் கிடைத்த நிலைமை. லேத்காரரின் கூலி, தண்டுக்கு குரோம் ஏற்றும் செலவு, இரண்டு நாள் வண்டி நிற்கும் நட்டம் எல்லாம் சேர்த்தால் புதுசின் விலைக்கு அருகில் வந்துவிட்டது. இங்கேதான் முதல் எதிர்வாதம் எழுகிறது. மலிவானது வென்றது, இதில் தொழிற்சாலையைக் குறை சொல்ல என்ன இருக்கிறது என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் ரிப்பேரின் செலவில் பெரும்பகுதி எங்கே போகிறது என்று பார்க்க வேண்டும். மடித்த விளிம்பைக் கடைவதற்கும், மரை வெட்டுவதற்கும், நட்டு செய்வதற்கும் போகிறது. அதாவது, திறக்க முடியாதபடி மூடியதால் வந்த செலவு அது. ஃபோர்க்கில் அந்தச் செலவு இல்லை. அதனால் அங்கே ரிப்பேர் இன்றும் மலிவு. மூடிய முறை விலையை ஏற்றிவிட்டு, ஏறிய விலையைக் காட்டி மூடிய முறையை நியாயப்படுத்துவது சுற்றிச் சுற்றி வரும் வாதம்.

இரண்டாவது எதிர்வாதம் தரத்தைப் பற்றியது. பட்டறையில் திறந்து மூடிய ஷாக் அப்சார்பர் சில மாதங்களில் மறுபடி ஒழுகுகிறது. எனவே மூடி வைத்ததே நல்லது என்பார்கள். பல பட்டறைகளில் அது உண்மைதான். எஞ்சின் ஆயிலை ஊற்றி, கண்ணளவில் அளந்து, பழைய தண்டையே போட்டு மூடினால் வேறென்ன நடக்கும்? ஆனால் அந்தப் பட்டறைக்குச் சீலின் அளவு, எண்ணெயின் பாகுத்தன்மை, கன அளவு ஆகியவற்றை யாரும் தரவில்லை என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். ஃபோர்க்குக்கு இவை எல்லாம் கையேட்டில் அச்சாகி இருக்கின்றன. சீல் பெட்டியில் வண்டியின் பெயரோடு விற்கிறது. அதே மெக்கானிக்கின் அதே கை அங்கே நன்றாகவே வேலை செய்கிறது. கையில் குறை இருந்தால் அது இரண்டிலும் தெரிந்திருக்கும். மூன்றாவது எதிர்வாதம் இவற்றைவிடக் கனமானது. எண்ணெய் நுரைப்பதைத் தடுக்க நைட்ரஜன் அடைத்த ஷாக் அப்சார்பர்கள் இப்போது பரவலாகிவிட்டன. பிரெஞ்சுப் பொறியாளர் டி கார்பான் 1950-களில் வடிவமைத்த ஒற்றைக் குழல் முறையின் வழிவந்தவற்றில் வாயு காற்றழுத்தத்தைப் போலப் பல மடங்கு அழுத்தத்தில் இருக்கிறது. அழுத்தத்தை வெளியேற்றாமல் லேத்தில் கட்டி வெட்டினால் உயிருக்கே ஆபத்து. ஸ்பிரிங் இல்லாமலே தண்டு தானாக வெளியே வந்தால் உள்ளே வாயு இருக்கிறது என்று அறிந்து, கருவியும் பயிற்சியும் இல்லாதவர்கள் அதைத் தொடாமல் இருப்பதே சரி. இந்த எதிர்வாதத்தை மறுக்க வழியில்லை. ஆனால் இது வாயு அடைத்த குழல்களுக்குத்தான் பொருந்தும். வெறும் எண்ணெயும் சாதாரணக் காற்றும் மட்டுமே உள்ள மலிவு வண்டிகளின் குழல்களையும் மடித்தே மூடுவதற்கு இது காரணமாகாது.

வாயு அடைத்தவற்றிலும் கூட ஆபத்து என்பது கதையின் பாதிதான். 1976-இல் ஸ்வீடனில் தொடங்கப்பட்ட ஓலின்ஸ் போன்ற நிறுவனங்களின் விலையுயர்ந்த ஷாக் அப்சார்பர்களைப் பாருங்கள். அவற்றிலும் நைட்ரஜன் உண்டு, உயர் அழுத்தம் உண்டு. ஆனால் வாயுவை இறக்கவும் ஏற்றவும் வால்வு வைத்திருக்கிறார்கள். குழலின் வாயில் மரையோ பூட்டு வளையமோ இருக்கிறது. சீல் தொகுப்பு தனியே விற்பனைக்கு உண்டு. இத்தனை காலத்துக்கு ஒரு முறை பிரித்துப் பராமரிக்க வேண்டும் என்று நிறுவனமே அறிவுறுத்துகிறது. பந்தய வண்டிக்கும் லட்சங்களில் விலைபோகும் வண்டிக்கும் திறக்கும் குழல். தினமும் பால்கேனையும் சிலிண்டரையும் மூன்று பேரையும் சுமக்கும் 100 சிசி வண்டிக்கு மூடிய குழல். ரிப்பேர் என்பது ஏழ்மையின் அடையாளம் என்ற கதை இங்கே தலைகீழாகிவிடுகிறது. பணம் உள்ளவர்தான் இன்று திறந்து பழுது பார்க்கும் பொருளை வாங்குகிறார். இல்லாதவர் ஒவ்வொரு ஒழுகலுக்கும் முழு செட் வாங்குகிறார். அறுபதுகளின் மெட்ராஸ் பட்டறையில் இருந்ததும் வெறும் இல்லாமை அல்ல. அது, தேயும் பாகம் எதுவோ அதை மட்டும் மாற்ற வேண்டும் என்ற சரியான பொறியியல் முடிவு. தொழிற்சாலை எடுக்க மறுத்த அந்த முடிவை லேத்காரர் தம் செலவில் எடுத்தார்.

நுகர்வோர் விவகாரத் துறை 2022 ஜூலையில் பழுது பார்க்கும் உரிமைக்காக ஒரு குழுவை அமைத்தது. அந்த ஆண்டு டிசம்பரில் அதற்கென இணையதளமும் திறக்கப்பட்டது. அது எடுத்துக்கொண்ட நான்கு துறைகளில் மோட்டார் வாகனங்களும் ஒன்று. இத்தகைய முயற்சிகளில் பேச்சு பெரும்பாலும் மென்பொருள், சென்சார், கையேடு என்று போகிறது. ஷாக் அப்சார்பரின் வரலாறு சொல்லித் தருவது அதைவிட அடிப்படையானது. கையேட்டைக் கொடுத்தாலும் வாய் மடித்து மூடப்பட்டிருந்தால் அந்த உரிமை காகிதத்தோடு நின்றுவிடும். எனவே எந்தப் பாகத்துக்கும் கேட்க வேண்டிய முதல் கேள்வி, இதில் முதலில் தேயப்போவது எது, அதை உடைக்காமல் எட்ட முடியுமா என்பதுதான். வாயு இல்லாத சாதாரணக் குழலுக்கு ஒரு மரையும் ஒரு நட்டும், பெட்டியின் மேல் மூன்று சீல் அளவுகளும், ஊற்ற வேண்டிய எண்ணெயின் தரமும் அளவும் போதும். வாயு உள்ளவற்றுக்குத் தெளிவான எச்சரிக்கையும், பயிற்சி பெற்றவர்களுக்கு வாயுவை இறக்கும் வால்வும் வேண்டும். இதனால் வண்டியின் விலை சற்று ஏறலாம். அதை வாங்குபவர் முதல் ஒழுகலிலேயே திரும்ப எடுத்துவிடுவார். முன்பக்க ஃபோர்க்கில் நிறுவனங்கள் இத்தனை ஆண்டுகளாகச் செய்துவருவதும் இதைத்தான். ஒரே வண்டியின் பின்பக்கத்துக்கு மட்டும் அது முடியாது என்பதற்கு இதுவரை யாரும் நல்ல காரணம் சொல்லவில்லை.